இரண்டாவது கையெழுத்து

போலீஸ்காரர் காலை ஒன்பதரைக்கு வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். நான் ஏழு மணியிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூறு நிமிஷம் வெயிலில் ஓடினால்கூட எனக்கு இப்படித் தொண்டை வறண்டதில்லை. அம்மா இரண்டு தடவை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மூன்றாவது தடவை பொறுமை போய்விட்டது.

"ஒரு எடத்துல குந்துடி. நீ நடக்கிறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது."

விஷயம் இதுதான். நான் கால்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவள். வேறு மாநிலத்து கிளப் ஒன்றில் மூன்றாவது வருஷக் கான்ட்ராக்ட். ஸ்டாப்பர். கோல் கீப்பருக்கு முன்னால் நின்றுகொண்டு வருகிறவளையெல்லாம் மறிக்கிற வேலை. அந்த வருஷம் எங்கள் கிளப் முதல் தடவையாக வெளிநாட்டுப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. தாய்லாந்துக்குப் போகவேண்டும், பதினெட்டு நாளில் விமானம். டீமில் பாஸ்போர்ட் இல்லாதவள் நான் ஒருத்திதான். கோச் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். பாஸ்போர்ட் வராவிட்டால் என் இடத்தில் வேறொருத்தி போவாள், அவள் நன்றாக ஆடிவிட்டால் அந்த இடம் அவளுடையது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கான்ட்ராக்டும் அந்த சீசனோடு முடிகிறது. விண்ணப்பம் எல்லாம் முடிந்து, போலீஸ் விசாரணை ஒன்றுதான் மீதி இருந்தது.

மற்றவர்களுக்கு அது பத்து நிமிஷ வேலை. எனக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அப்பா சிலோன்.

அப்பா மன்னார்க்காரர். பதினைந்து வயதில் படகேறி வந்தவர், அன்றிலிருந்து அகதி முகாம்தான். இப்போது அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து செய்யாற்றைத் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பெயின்ட் அடிக்கிற வேலை. மானாம்பதிப் பக்கம் எங்கள் காலனியில் மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்தான் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்போது நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வேதக்காரர்கள் என்பதால் பங்குச் சாமியாருக்கு ஆட்சேபணை இல்லை. மற்ற எல்லோருக்கும் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா ஆறேழு வருஷம் முகாமில் இருந்து பார்த்தாள். பிரசவத்துக்கு மட்டும் தாய்வீடு வந்தாள், அதனால் நான் பிறந்தது உத்திரமேரூர் ஆஸ்பத்திரி. பிள்ளையின் பெயரை முகாம் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் அங்கே வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று அப்பா என் பெயரை ஏற்றினார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா ஊருக்குத் திரும்பியபோது, ரேஷன் கார்டில் பெயர் இல்லாவிட்டால் கேள்வி வரும் என்று அவள் இங்கேயும் ஏற்றினாள். இரண்டு பேரும் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். ஒரே பிள்ளை, அங்கே அகதி, இங்கே குடிமகள். இருபத்து நாலு வயது வரைக்கும் அதை யாரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

முகாமில் மாதம் இரண்டு தடவை செக்கிங் நடக்கும். அதிகாரிகள் வந்து மேஜை போட்டு உட்கார்ந்து, பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் முன்னால் வந்து "ஓம்" என்று சொல்லவேண்டும், சிலோன் பேச்சில் ஆமாம் என்று அர்த்தம். ஆள் இல்லையென்றால் பெயர் வெட்டுப்படும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சின்ன வயதில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார் அப்பா. எட்டாம் வகுப்பில் வட்டார அளவில் ஃபைனல் ஆடிக்கொண்டிருந்தேன், அன்றைக்குச் செக்கிங். பாதி ஆட்டத்தில் இறங்கி, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். எங்கள் டீம் தோற்றது. பஸ்ஸில் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முகாமில் என் பெயரைக் கூப்பிட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. அப்பாதான் எனக்கும் சேர்த்து "ஓம்" என்றார். பிறகு நான் வெளியூரில் தங்கிப் படிக்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுத்து வைத்தார். அதன்பிறகு எத்தனையோ வருஷமாக அவர் பெயருக்கு ஒரு ஓம், என் பெயருக்கு ஒரு ஓம், இரண்டையும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரும் ஆடினவர்தான். மன்னாரில் கோயிலுக்கு ஒரு டீம் இருக்கும், கடற்கரையில்தான் ஆட்டம் என்பார். என் ஆட்டம் எங்கே நடந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். நின்றால் சும்மா இருக்கமாட்டார். "மறி பிள்ளை, மறி. பந்தைப் பாராத, அவளின்ர காலைப் பார்." மைதானம் முழுக்கக் கேட்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு தடவை மாநிலத் தேர்வுக்குப் போயிருந்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் அப்பா கத்துவதைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சிலோனா?" என்று கேட்டார். என் ஃபாரத்தை எடுத்துக் கட்டுக்கு அடியில் வைத்தார். பட்டியலில் என் பெயர் வரவில்லை. அதனால்தானா, அன்றைக்கு நான் உருப்படியாக ஆடவில்லையா, இன்றுவரை தெரியாது. பழி போட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அப்பா கிடைத்தார்.

"இனிமே கிரவுண்டுல வாயத் தொறக்காத" என்றேன். அவரிடம் அப்படித்தான் சொன்னேன், ஒரு மரியாதை கிடையாது. அதன்பிறகும் அவர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பார். ஆட்டம் முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது போலீஸ் விசாரணை என்றதும் அந்த ஃபாரம் கட்டுக்கு அடியில் போனதுதான் கண்ணில் நின்றது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று முடிவுகட்டினேன். கிளப் மேனேஜர், இருப்பதை இருப்பதுபோலச் சொல், அம்மா இந்தியர், நீ இங்கே பிறந்தவள், அதில் ஒரு சிக்கலும் இல்லை என்றுதான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார், இதுதான் நான் கட்டிவைத்த கதை. எதிர்வீட்டு அத்தையிடமும் தெருக்கோடி டிராக்டர்க்கார அண்ணனிடமும் போய், அக்கம்பக்கத்து சாட்சியாகக் கையெழுத்துப் போடவேண்டும், கேட்டால் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

"உங்கப்பன சிலோன்காரருன்னுதான் இத்தினி வருசமா கூப்டுக்கினுகீறோம்" என்றாள் அத்தை. "திடீர்னு மூட்டை தூக்கச் சொன்னா எப்டி?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. விசாரணை நாளும் செக்கிங் நாளும் ஒன்றாக வந்தது நல்லதாகப் போயிற்று என்றுகூடத் தோன்றியது. அவர் முகாமை விட்டு நகரமுடியாது.

போலீஸ்காரர் பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். அவர் அவசரப்படவே இல்லை, அதுதான் என்னை இன்னும் கலக்கியது. ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டார். ஸ்டாப்பர் என்றேன். "தடுக்கிற ஆளா" என்று தலையாட்டினார். எதிர்வீட்டு அத்தை வந்து முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். டிராக்டர்க்கார அண்ணனுக்குத்தான் போன் எடுக்கவில்லை. அறுவடைக்கு யாரோ வண்டி கேட்டார்களென்று விடியலிலேயே போய்விட்டாராம்.

"அப்பா எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு சார். வாலாஜாபாத்ல ரைஸ் மில்லு. லோடு வேல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். போலீஸ்காரரின் தோளுக்குப் பின்னால், வேலிப்படல் ஓரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது, முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அம்மா தரையைப் பார்த்தாள். அவள்தான் போன் செய்திருக்கிறாள். விசாரணைக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, என்னிடம் சொல்லாமல் கூப்பிட்டுவிட்டாள்.

போலீஸ்காரர் திரும்பினார். "யாருப்பா அது?"

"நாந்தான் சார். இந்தப் பொண்ணுக்கு மாமா மொற வேணும். இப்டிக்கா பின்னாலதான் வூடு. என்கொயரிக்கு வந்துக்கிறீங்கன்னாங்கோ, இன்னா ஏதுன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு இடறல் இல்லை, எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்போல இருந்தது. பெயின்ட் வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் சிலோன் என்று தெரிந்தால் யோசிப்பார்கள், அதற்காக முப்பது வருஷமாகப் பழகிவைத்திருக்கிறார். எங்களோடு பேசும்போது மட்டும்தான் அவர் தன் பேச்சைப் பேசியிருக்கிறார். அதைத்தான் நான் வாயை மூடச் சொன்னேன்.

"பக்கத்து வூடா? நல்லதாப் போச்சு" என்றார் போலீஸ்காரர். "ரெண்டாவது ஆளு வர்ற வழியாத் தெரில. நீயே போட்டுடு. ஓட்டர் ஐடி கீதா?"

ஓட்டுப் போடுகிற முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் என்று எங்கள் தாலுகாவுக்குப் பெருமை பேசுவார்கள். அப்பாவுக்கு எந்த ஊரிலும் ஓட்டு இல்லை.

அவர் சட்டைப்பையைத் தடவினார். "வூட்லகீது சார்" என்றார். அதற்குள் அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். வரும்போது அவள் கையில் ஒரு வாக்காளர் அட்டை இருந்தது. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிற என் சொந்தத் தாய்மாமனுடையது. படம் மங்கி, அதில் இருப்பது யாரென்று அவருக்கே அடையாளம் தெரியாது. "இந்தாண்ணா, அன்னிக்கி இங்கியே வச்சுட்டுப் போயிட்டியே" என்று கட்டின புருஷனிடம் நீட்டினாள். அவள் குரலும் நடுங்கவில்லை. என் குடும்பத்தில் இத்தனை பேர் இத்தனை நன்றாகப் பொய் சொல்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பித்து வைத்தவள் நான்.

அப்பா அட்டையை வாங்கினார். போலீஸ்காரர் படிவத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து கொடுத்து, விரலால் இடத்தைக் காட்டினார். பெயர், அட்டை எண், கையெழுத்து. அப்பா குந்தி உட்கார்ந்து, குனிந்து முட்டியில் படிவத்தை வைத்துக்கொண்டார். நகத்துக்குள் நீலப் பெயின்ட் இருந்தது. அட்டையை ஒரு தடவை பார்த்தார், மாமன் பெயரை மனதில் படித்துக்கொள்கிறார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு பொய்க் கையெழுத்து மாட்டினால் எனக்குப் பாஸ்போர்ட் போகும், ஒரு பயணம் போகும், கான்ட்ராக்ட் போகும். அப்பாவுக்கு மொத்தமும் போகும். அடுத்தவர் அட்டையோடு பிடிபட்ட முகாம்காரரைப் பூட்டிவைக்கத் தனியாகச் சிறப்பு முகாம் இருக்கிறது என்று முகாமில் வளர்ந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் குனிந்திருக்கிறார். பேனா முள் காகிதத்தைத் தொட்டது.

"சார், வேணாம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவரு மாமா இல்ல. எங்கப்பா. முகாம்ல கீறாரு. சிலோன்."

"அடிப்பாவி" என்றாள் அம்மா, மெதுவாக.

போலீஸ்காரர் கையை நீட்டி முதலில் பேனாவை வாங்கினார், பிறகு படிவத்தை, பிறகு மாமனின் அட்டையை. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். படிவத்தில் ஒரு புள்ளி மட்டும்தான் விழுந்திருந்தது.

அப்பா எழுந்து நின்றார். "ஐயா, பிள்ளையில பிழை இல்லை. நான்தான் பொய் சொன்னனான். அவளுக்கு ஒண்டும் செய்துபோடாதேங்கோ."

"மாமாவா இருந்தப்ப நல்லாத்தான் பேசுன" என்றார் போலீஸ்காரர். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. ஃபைலுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். "இந்தப் பேருல, இந்த அப்பா பேருல, ஒரு பொண்ணு முகாம் ரிஜிஸ்டர்ல கீதுன்னு முந்தாநேத்தே வந்துச்சு. கடசியாக் கேக்கலாம்னு வெச்சிக்கினு இருந்தேன். அது நான் இல்லன்னு நீ சொல்லிட்டிருந்தா நான் எழுதற ரிப்போர்ட்டே வேற."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கம்மா இந்த ஊரு. நீ பொறந்தது இந்த ஊரு. அப்பறம் இன்னாத்துக்கும்மா இந்தக் கூத்து?" என்றார். பழக்கம் என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று செய்தாகவேண்டும் என்றார் அவர். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கமுடியாது. முகாம் பதிவேட்டிலிருந்து மகளின் பெயரை எடுத்துவிடச் சொல்லி அப்பா எழுதிக் கொடுக்கவேண்டும். அதே பேனாவைத் திறந்து மறுபடி அப்பாவிடம் கொடுத்தார். அம்மா என் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தாள். அப்பா இப்போது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினார். 'எனது மகள்' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். வெகுநேரம் அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சத்தையும் எழுதி, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார்.

டிராக்டர்க்கார அண்ணன் தலையெல்லாம் தூசியோடு வந்தது அதற்கப்புறம்தான். வந்தவர் அப்பா இருப்பதைக் கவனிக்காமல், "இவங்கப்பாரு ரைஸ் மில்லுல..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் முடிஞ்சிச்சி, கையெழுத்து மட்டும் போடு" என்றார் போலீஸ்காரர்.

போலீஸ்காரர் போனதும் அப்பா கவரைத் திறந்தார். உள்ளே இன்னொரு சட்டை இருந்தது. போட்டிருக்கிற சட்டை பஸ்ஸில் கசங்கிப்போனால், மாற்றிக்கொண்டு போலீஸ்காரர் முன்னால் நிற்கலாமென்று கொண்டுவந்தாராம்.

"இன்னிக்கி செக்கிங் இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்கு. இப்ப முடிஞ்சிருக்கும். நான் போய்க் கதைச்சுப் பாக்கிறன்."

அம்மா சோறு போடுகிறேன் என்றாள், அவர் நிற்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவரோடு நடந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. "மாமான்னு ஏன் சொன்ன?" என்றுதான் கேட்டேன்.

"நீதான் மறிக்கிற ஆள். எனக்கும் கொஞ்சம் மறிக்கத் தெரியும்" என்றார்.

செக்கிங்குக்கு வராமல் போனதற்கு அவர் மூன்று தடவை ஆபீசுக்கு நடந்து விளக்கம் எழுதிக் கொடுத்தார். பெயர் தப்பியது. என் பாஸ்போர்ட் விமானம் போய் நான்கு நாள் கழித்து வந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அச்சாகியிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று டிக் விழுந்தது, பதில் இல்லை. முதல் ஆட்டத்தில் என் இடத்தில் ஆடியவள் நன்றாக ஆடியிருந்தாள், கோச் சொன்னபடிதான் நடந்தது. நான் இரண்டாவது ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன், பெஞ்சுக்கு. கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் அவளுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, அதனால் என் பெயர் பதினொன்றில் வந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"இண்டைக்குச் செக்கிங். என்ர பேரைக் கூப்பிட்டாங்கள், ஓம் எண்டன். அடுத்தது உன்ர பேர் வரவேணும், இல்லை, வெட்டிப்போட்டாங்கள். எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன்ர பேருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்." சிரித்தார். நான் சிரிப்பதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாரும் பாத்தாங்கள்" என்றார்.

நாளைக்கு ஆட்டம் டிவியில் வராது, போனில் பார்க்கலாம் என்று லிங்க் அனுப்பினேன். பார்க்கும்போது கத்து என்றேன். முகாமில் சுவர் மெல்லிசு, சனங்கள் ஏசும் என்றார். பரவாயில்லை, கத்து என்றேன்.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி ஒரு அம்மாள் கையில் பட்டியலோடு வந்தார். பெயரைக் கூப்பிட்டால் நம்பரைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். என் பெயரை அவர் உச்சரித்த விதத்தில் அது யார் பெயரோபோல இருந்தது. நான் ஒரு அடி முன்னால் வந்து, "ஓம்" என்றேன். அந்த அம்மாள் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். அதன்பிறகுதான் நம்பரைச் சொன்னேன்.